பழைய விண்டோஸில் கிராபிக்ஸ் கார்டு: பட்டறைக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர் எம்பிராய்டரி யூனிட், கரூரில் பெட்ஷீட் டிசைன் போடும் அறை, கோவை கணபதி பக்கம் சிஎன்சி ரவுட்டர் ஓடும் பட்டறை, எதற்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்: மெஷினோடு வந்த சாப்ட்வேர் பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் இல்லாமல் திறக்காது, அந்த டாங்கிளுக்குப் புது விண்டோஸில் டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்) கிடையாது, புது பதிப்பு வாங்கும் காசுக்கு இன்னொரு மெஷினுக்கு அட்வான்ஸே கொடுத்துவிடலாம்.

இப்படி ஓடும் கம்ப்யூட்டரில் ஒரு நாள் திரை கோடு கோடாக வரும், அல்லது வரவே வராது. சர்வீஸ் ஆள் வந்து புது கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகுவார். பெரிய பெரிய ஐகான்களோடு மங்கலாக ஒரு திரை வரும். டிரைவர் ஏறாது. கடைசியில், "பார்மட் அடிச்சுப் பார்த்துடலாங்களா?" என்று கேட்பார். அந்த இடத்தில் "வேண்டாமுங்க" என்று தைரியமாகச் சொல்ல வைப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. பார்மட் அடித்தால் டிரைவர் முளைத்து வராது. சாப்ட்வேரின் லைசென்ஸ்தான் போகும்.

முதலில் டிரைவர், அப்புறம் கார்டு

போர்வெல்லில் நீர்மட்டம் பார்க்காமல் மோட்டார் வாங்குகிற ஆள் நம் பக்கத்தில் கிடையாது. கிராபிக்ஸ் கார்டை மட்டும் ஏனோ எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். உங்கள் விண்டோஸுக்கு எந்தக் கார்டு வரைக்கும் டிரைவர் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த வட்டத்துக்குள் கார்டு தேட வேண்டும். புதுசாக இருக்கிறது, விலையும் பரவாயில்லை என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வந்தால், கார்டு நல்ல கார்டாகவே இருக்கும். உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆகாது.

இதற்குக் காரணமும் தெரிந்துகொள்வது நல்லது. எக்ஸ்பியில் டிஸ்ப்ளே டிரைவர் வேலை செய்யும் முறை வேறு. விஸ்டாவோடு டபிள்யூடிடிஎம் என்ற புது முறை வந்தது. விண்டோஸ் 7 அதே வழியில் போனது. ஆகவே விண்டோஸ் 7-க்கான டிரைவரை எக்ஸ்பியில் எப்படி மடக்கிப் போட்டாலும் ஏறாது. கம்பெனிகள் எக்ஸ்பிக்கென்று தனியாக எழுத வேண்டியிருந்தது, ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள்.

தொடுவதற்கு முன்

ஹார்டு டிஸ்க்கை முழுசாக நகல் எடுங்கள். குளோன்சில்லா என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் போட்டு பூட் செய்தால், வெளி டிஸ்க்கில் அப்படியே படியெடுத்துத் தரும். திரையே வராத கம்ப்யூட்டர் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டி எடுக்கலாம். மெஷின் நிற்கிறது, ஆர்டர் தவறுகிறது என்ற அவசரத்தில் பலரும் இதைத் தாண்டிப் போகிறார்கள். பத்து வருஷ டிசைன் பைல்கள் அதில்தான் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் பெரிதாகத் தெரியாது.

அடுத்து, என்ன விண்டோஸ் என்று துல்லியமாக எழுதிக்கொள்ளுங்கள். மை கம்ப்யூட்டரில் வலது கிளிக், புராப்பர்ட்டீஸ். எக்ஸ்பி என்றால் சர்வீஸ் பேக் 3 இருக்கிறதா? விண்டோஸ் 7 என்றால் சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா, 32 பிட்டா 64 பிட்டா? இந்த மூன்று விவரமும் இல்லாமல் டிரைவர் தேடுவது வீண்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறங்கள். தறி, நிட்டிங் இருக்கும் இடம் என்றால் உள்ளே பஞ்சுதான் முதலில் கண்ணில் படும். கார்டின் சின்ன பேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பஞ்சு கம்பளி போலப் படிந்து காற்றே போகாமல் இருக்கும். புளோயர் அடிக்கும்போது பேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் சுற்றி பேரிங் போய்விடும். கார்டைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் தட்டி, திரும்பச் செருகுங்கள். பழைய கார்டு இதிலேயே பிழைத்துக்கொள்வது உண்டு. அப்படி ஆனால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். கார்டிலோ போர்டிலோ உருளையான கெப்பாசிட்டர்களின் தலை உப்பி இருந்தால் மட்டும் அது இன்றோ நாளையோ போகும் என்று அர்த்தம்.

ஸ்லாட்டைப் பாருங்கள். நீளமாக, முனையில் ஒரு கொக்கியோடு இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 16. பழுப்பு நிறத்தில், பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருப்பது ஏஜிபி. 2005-க்கு முந்தைய போர்டுகளில் பார்க்கலாம். இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது. கேபினட் ஒல்லியான வகை என்றால் லோ புரொபைல் கார்டுதான் வேண்டும். குட்டைத் தகடும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மேல் எழுதியிருக்கும் வாட்ஸை நம்ப வேண்டாம். ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கார்டுக்குப் போகலாம் என்பது கணக்கு. ஆனால் பட்டறைக் கம்ப்யூட்டருக்கு 20, 30 வாட்டில் ஓடும் கார்டே தாராளம். தனியாகக் கரண்ட் ஒயர் கேட்கும் கேமிங் கார்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எந்தக் கார்டு?

எக்ஸ்பிக்கு என்விடியா கடைசியாகத் தந்த டிரைவர் 368.81, 2016 ஜூலையில் வந்தது. ஜிடி 610, ஜிடி 710, ஜிடி 730 எல்லாம் இதில் அடங்கும். ஜிடி 1030-இலிருந்து மேலே போனால் எக்ஸ்பியில் கதவு சாத்தியாயிற்று. கடைகளில் சல்லிசாகக் கிடக்கும் ஜிடி 210-க்கு இந்த டிரைவர் ஆகாது. அது 340 வரிசையோடு நின்றுவிட்ட கார்டு, அதைத் தேடிப் போட வேண்டும். ஏஎம்டி பக்கம் எக்ஸ்பிக்குக் கடைசி டிரைவர் தொகுப்பு கேட்டலிஸ்ட் 14.4. எச்டி 5450, எச்டி 6450 இரண்டும் அதில் நன்றாக ஓடும்.

என் தேர்வைக் கேட்டால், எக்ஸ்பிக்கு ஜிடி 710 அல்லது எச்டி 5450. இரண்டுமே 19 வாட் கார்டுகள், பேனே இல்லாத மாடலும் உண்டு. பஞ்சு பறக்கும் இடத்தில் பேன் இல்லாத கார்டு ஒரு வரம். ஹீட்சிங்கை அவ்வப்போது ஊதிவிட்டால் போதும்.

ஏஜிபி போர்டு வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு குறைவு. ஜிபோர்ஸ் 6200 கிடைத்தால் 307.83 டிரைவர், எப்எக்ஸ் 5200 என்றால் 175.19, ரேடியான் 9550 என்றால் கேட்டலிஸ்ட் 10.2. எல்லாமே செகண்ட் ஹேண்ட்தான். ஏஜிபி கார்டு ஒழுங்காக ஓட மதர்போர்டின் சிப்செட் டிரைவர் முதலில் ஏறியிருக்க வேண்டும். வியா சிப்செட் போர்டுகளுக்கு ஹைபீரியன் என்ற தொகுப்பு உண்டு. அதை விட்டுவிட்டு டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் போட்டால் திரை வரும், 3டி காட்சி திறந்தவுடன் உறைந்துவிடும்.

விண்டோஸ் 7-இல் மூச்சு விட இடம் இருக்கிறது. 64 பிட் என்றால் ஜிடி 1030 வரை கவலையே இல்லை. 32 பிட் என்றால் ஒரு கோடு உண்டு: 390 வரிசைக்குப் பிறகு 32 பிட் விண்டோஸுக்கு என்விடியா டிரைவர் தருவதில்லை, 391.35 தான் கடைசி. 2021 அக்டோபரோடு விண்டோஸ் 7-க்கான புது டிரைவர்களையும் நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கொஞ்ச காலம் தந்தார்கள்.

ஜிடி 730 வாங்கும்போது ஒரு வில்லங்கம். ஒரே பெயரில் இரண்டு வகைச் சில்லு விற்றார்கள். 96 கோர், 128 பிட் என்று போட்டிருந்தால் அது பழைய பெர்மி சில்லு, 391.35-க்கு மேல் ஏறாது. 384 கோர், 64 பிட் என்றால் கெப்ளர், பிந்தைய டிரைவரும் ஏறும். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "அண்ணா, 2 ஜிபி கார்டு இருக்குங்களா?" என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார். "அண்ணா, எக்ஸ்பி 32 பிட்டுக்கு டிரைவர் இருக்கிற கார்டு வேணுங்க. ஏறலைன்னா நாளைக்குத் திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேளுங்கள். அவர் யோசிக்கும் நேரத்திலேயே பதில் தெரிந்துவிடும். 2 ஜிபி, 4 ஜிபி என்ற எண் பார்த்து மயங்க வேண்டாம். எம்பிராய்டரி டிசைன் காட்ட 512 எம்பியே அதிகம்.

செகண்ட் ஹேண்டில் போலிகளும் உலவுகின்றன. ஜிடிஎஸ் 450 போன்ற பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்) மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்ட வைப்பார்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன நிரலை ஓட்டினால் போலி என்று பெயருக்கு முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

போர்டே போய்விட்டது, முழு சிபியுவும் மாற்ற வேண்டும் என்றால்: இன்டெல்லின் உள் கிராபிக்ஸுக்கு எக்ஸ்பி டிரைவர் மூன்றாம் தலைமுறை வரை, விண்டோஸ் 7 டிரைவர் ஆறாம் தலைமுறை வரை. அதற்கு மேல் வாங்காதீர்கள். மதர்போர்டின் பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் செய்ய விடுவது) என்ற வசதி இல்லாத புது போர்டுகளில் விண்டோஸ் 7 "ஸ்டார்டிங் விண்டோஸ்" திரையோடு நின்றுவிடும்.

டிரைவரை எங்கே எடுப்பது

எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இன்றைய தளங்களைத் திறக்காது. அதனோடு மல்லுக்கட்டாமல் வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, எப்ஏடி 32 பார்மட்டில் உள்ள பென்டிரைவில் கொண்டுவாருங்கள். முன்னதாக அந்தப் பென்டிரைவை ஆன்டிவைரஸில் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். பிரிண்டிங் கடைகளில் சுற்றி வந்த பென்டிரைவ்தான் நம் பட்டறைகளுக்குள் வைரஸ் நுழையும் முதல் வழி.

கையில் இருக்கும் கார்டு எதுவென்று தெரியாவிட்டால் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் குறியோடு "வீடியோ கன்ட்ரோலர்" என்று இருக்கும். அதன் புராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கம் போனால் ஒரு நீளமான எண் வரும். எக்ஸ்பியில் அது உடனே தெரியும். விண்டோஸ் 7-இல் பட்டியலிலிருந்து ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெண்டர் என்ற பகுதியில் 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். அடுத்து வரும் நான்கு எழுத்து எண்தான் கார்டின் ஜாதகம். அதை அப்படியே தேடினால் மாடல் பெயர் கிடைத்துவிடும்.

டிரைவரைக் கம்பெனியின் சொந்தத் தளத்தில், பழைய டிரைவர் பகுதியில் எடுங்கள். கிடைக்காவிட்டால் மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக்கில் அந்த ஹார்டுவேர் ஐடியைப் போட்டுத் தேடலாம். இன்டெல் 2019 வாக்கில் தன் பழைய போர்டுகளுக்கான டிரைவர்களையும் பயாஸ்களையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டது, ஆகவே அந்தக் காலப் போர்டு வைத்திருப்பவர்கள் பெட்டியோடு வந்த சிடியை அலமாரியில் தேடிப் பார்ப்பது நல்லது. "எல்லா டிரைவரையும் தானே ஏற்றித்தரும்" என்று விளம்பரம் செய்யும் நிரல்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். ஒன்றுக்கு நாலு குப்பையை ஏற்றிவிட்டுப் போகும்.

ஏற்றும் வரிசை

பழைய டிரைவரை நீக்குங்கள். எக்ஸ்பியில் ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ் போதும். விண்டோஸ் 7-இல் எப்8 அழுத்தி சேப் மோடுக்குப் போய் டிடியு என்ற நிரலை ஓட்டினால் மிச்சம் மீதி இல்லாமல் துடைத்துவிடும். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கு மாறுகிறீர்கள் என்றால் இது கட்டாயம்.

கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக் பிடுங்கி, கார்டைச் செருகி, திருகு முடுக்குங்கள். மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள். மதர்போர்டில் மாட்டிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று போன் செய்பவர்கள் ஏராளம். அப்படியும் வராவிட்டால் பயாஸில் முதல் டிஸ்ப்ளே எது என்று கேட்கும் இடத்தில் பிஇஜி (ஸ்லாட்டில் செருகிய கார்டு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

விண்டோஸ் வந்ததும் "புது ஹார்டுவேர் கிடைத்தது" என்று ஒரு பெட்டி வரும். கேன்சல். சிப்செட் டிரைவர் ஏறவில்லை என்றால் அதை முதலில் ஏற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏஎம்டி கேட்டலிஸ்ட்டுக்கு எக்ஸ்பியில் மைக்ரோசாப்டின் டாட்நெட் 2.0 தொகுப்பு வேண்டும், அது அடுத்து. கடைசியாக டிஸ்ப்ளே டிரைவர். கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து டிரைவரை மட்டும் டிக் செய்யுங்கள். 3டி விஷன் போன்ற சேர்மானங்கள் பட்டறைக்கு எதற்கு?

"பொருத்தமான ஹார்டுவேர் இல்லை" என்று இன்ஸ்டாலர் கைவிரித்தால் பயப்பட வேண்டாம். அதற்குள் அது பைல்களை சி டிரைவில் பிரித்துப் போட்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் கொடுத்து, "நானே தேர்ந்தெடுக்கிறேன்" என்ற வழியில் போய், ஹேவ் டிஸ்க் அழுத்தி அந்தப் போல்டரைக் காட்டுங்கள். உங்கள் கார்டு பட்டியலில் இருந்தால் ஏறிவிடும். எந்தெந்தக் கார்டுக்கு ஆகும் என்ற பட்டியல் இருக்கும் ஐஎன்எஃப் பைலைத் திருத்திப் பட்டியலில் இல்லாத கார்டையும் நுழைக்கும் வித்தை உண்டு. வீட்டில் விளையாட்டுக்குச் செய்து பார்க்கலாம். ஆர்டர் ஓடும் மெஷினில் நான் செய்ய மாட்டேன்.

வரும் தொல்லைகள்

விண்டோஸ் 7-இன் டிவைஸ் மேனேஜரில் கோட் 52 வந்தால் டிரைவரின் கையெழுத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று பொருள். பிந்தைய டிரைவர்கள் எஸ்எச்ஏ-2 முறையில் கையெழுத்திடப்பட்டவை. கேபி 4490628, அப்புறம் கேபி 4474419, இந்த இரண்டு அப்டேட்டையும் இதே வரிசையில் ஏற்றி ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது.

கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 43 என்றால் கார்டு தானே "எனக்கு முடியவில்லை" என்று சொல்கிறது. டிரைவர் மாற்றிப் பார்த்தும் போகாவிட்டால், செகண்ட் ஹேண்ட் கார்டில் பெரும்பாலும் கார்டின் கோளாறுதான். திருப்பிக் கொடுங்கள்.

எக்ஸ்பியில் என்வி4 டிஸ்ப் என்ற பெயரோடு நீலத்திரை வந்தால் சூடு, எஸ்எம்பிஎஸ், டிரைவர் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் 7 இதே நிலையில் 2 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு டிரைவரைத் தானே மீட்டுக்கொள்ளும். எக்ஸ்பிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, அப்படியே விழுந்துவிடும்.

டிரைவர் ஏறியும் மானிட்டரின் முழு அளவு வரவில்லையா? விஜிஏ கேபிளை மாற்றிப் பாருங்கள். மானிட்டர் தன் அளவைக் கார்டுக்குச் சொல்வது 12, 15 ஆம் பின்கள் வழியாக. மலிவுக் கேபிள்களில் அவை இருக்காது, அல்லது வளைந்திருக்கும். 9 ஆம் பின் இல்லாதது மட்டும் கோளாறல்ல. 1366க்கு 768 மானிட்டரில் 1360 என்று காட்டினால் விட்டுவிடுங்கள். பல பழைய டிரைவர்கள் 8-ஆல் வகுபடும் அகலத்தை மட்டுமே ஏற்கும்.

எல்லாம் சரி, ஆனால் டிசைன் சாப்ட்வேரில் மட்டும் தையல் கோடுகள் சிதறித் தெரிகின்றன என்றால், எக்ஸ்பியில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, டிரபிள்ஷூட் பக்கத்தில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்ற நகர்த்தி இருக்கும். ஒவ்வொரு கட்டமாக இடதுபக்கம் இறக்கிப் பாருங்கள். விண்டோஸ் 7-இல் ஏரோ என்ற கண்ணாடித் தோற்றத்தை அணைத்து பேசிக் தீமுக்கு மாறுவதே பெரும்பாலும் போதும்.

4 ஜிபி ராம் போட்டும் எக்ஸ்பி 3 ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது என்று புதுக் கார்டைத் திட்ட வேண்டாம். 32 பிட் விண்டோஸின் எல்லை அது.

ஏறிய பிறகு

விண்டோஸ் 7-இல் அப்டேட் வழியாக டிரைவர் தானாக மாறுவதை நிறுத்திவையுங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஓடும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடும் பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. ஆகவே நெட் ஒயரைப் பிடுங்கிவிடுவதுதான் நல்லது. டிசைன் பைலுக்கு ஒரு தனிப் பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், மெயிலும் வாட்ஸ்அப்பும் வேறு கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

ஓடும் நிலையில் மறுபடி ஒரு முழு நகல் எடுங்கள். கார்டின் பெயர், டிரைவர் எண், விண்டோஸ் விவரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். டிரைவர் பைலை ஒரு சிடியிலும் ஏற்றி சாப்ட்வேர் டாங்கிளின் பெட்டியோடு வையுங்கள். கையில் காசு இருந்தால் அதே மாடலில் இன்னொரு கார்டும் இப்போதே வாங்கிவிடுங்கள், நாளாக ஆக இவை கிடைப்பது குறைந்துகொண்டேதான் போகும். வாங்கியதை அப்படியே அலமாரியில் போடாமல், ஒரு தடவை செருகி, டிரைவர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.